குழாயில் வந்த கைத்தட்டல்

செவல்நத்தத்தில் ஸ்டேடியம் கட்டுவதென்று நகராட்சி தீர்மானம் போட்ட மறுநாள் காலையில், எங்கள் தெருக் குழாயைத் திறந்தபோது தண்ணீர் வரவில்லை, கைத்தட்டல் வந்தது.

முதலில் அதைக் காற்று என்றுதான் நினைத்தோம். தண்ணீர் வருவதற்கு முன்னால் எங்கள் குழாய் எப்போதும் கொஞ்சம் இருமும், கொஞ்சம் சீறும், அந்தச் சீறலைக் கேட்டதும் முதலில் நிற்பவள் குடத்தைச் சாய்த்துப் பிடிப்பாள். அன்று முதலில் நின்ற சங்கரேஸ்வரி அத்தையும் அப்படித்தான் பிடித்தாள். ஆனால் சீறல் நிற்காமல் விரிந்துகொண்டே போய், ஆயிரக்கணக்கான பேர் எங்கோ ஒரு மைதானத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு எதையோ பார்த்துக் கைதட்டுகிற சத்தமாக ஆனது. நடுநடுவே விசில் கேட்டது. ஒருவன் தொண்டை கிழிய "விடாத, விடாத" என்று கத்தினான்.

அத்தை குழாயை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்குடா கைதட்டுறீங்க? தண்ணி பிடிக்க வந்தவளுக்கா?" என்று கேட்டாள். அதற்கும் கைதட்டினார்கள்.

யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை என்பதை நான் உள்ளபடியே சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க் குழாயில் செம்மண் வந்திருக்கிறது, புழு வந்திருக்கிறது, சாக்கடை வந்திருக்கிறது, ஒருமுறை உயிரோடு ஓர் ஓணான் வந்து சங்கரேஸ்வரி அத்தையின் குடத்துக்குள் விழுந்து தலையாட்டியிருக்கிறது. அதையெல்லாம் பார்த்தவர்களுக்குக் கைத்தட்டல் நாறவில்லை என்பதே பெரிய ஆறுதல். நாளைக்குத் தண்ணீர் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு பெண்கள் குடங்களை வரிசையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். மறுநாளும் கைத்தட்டல்தான் வந்தது. அதற்கு மறுநாளும்.

எனக்கு அப்போது நகராட்சி அலுவலகத்தில் வேலை. தற்காலிக வேலைதான். குடிநீர்ப் புகாருக்கென்று ஒரு போன் இருந்தது, அதை எடுத்து "நடவடிக்கை எடுக்கப்படும்" என்று சொல்வதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, அந்த ஆள் நான். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆளும் நான்தான். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டிக் கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். எனக்கு வேலை கிடைத்த அன்று அம்மா, "நானும் ஆபீஸ், நீயும் ஆபீஸ். ஆனா ஒன்னோட ஆபீஸ்ல ஃபேன் இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, என்றைக்கு இந்த நாற்காலியைப் பறித்துவிடுவார்களோ என்று நான் தினமும் பயந்துகொண்டிருந்தேன்.

தீர்மானத்தைப் பற்றியும் எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் புதுக் குழாய் பதிக்கவும் நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு மேல்நிலைத் தொட்டி கட்டவும் ஒதுக்கியிருந்த பணத்தைத்தான் ஸ்டேடியத்துக்கு மாற்றியிருந்தார்கள். குழாய் பூமிக்கு அடியில் கிடக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது, ஸ்டேடியம் பைபாஸில் போகிற பஸ்ஸுக்குக்கூடத் தெரியும் என்று கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் சொன்னாராம். 

கைத்தட்டலோடு வாழ ஊர் மெல்லப் பழகிக்கொண்டது. பையன்கள் குழாயடிக்குப் பக்கத்தில் ஸ்டம்ப் நட்டு, பந்து போடும்போது குழாயைத் திறக்க ஒருவனை நிறுத்தினார்கள். மேளத்துக்குக் கொடுக்க வசதியில்லாத ஒரு வீட்டில், தாலி கட்டுகிற நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டு முகூர்த்தத்தை முடித்தார்கள், வந்தவர்கள் நல்ல கல்யாணம் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். லாரி செட்டில் ஆயுள் முழுக்க மூட்டை தூக்கின மூக்கையா மாமா, இடுப்பு விழுந்த பிறகு வீட்டோடு கிடந்தவர், காலையில் ஒரு சாக்கை விரித்துக் குழாயடியில் வந்து உட்கார ஆரம்பித்தார். 

"ஒமக்கு இங்க என்ன வேல?" என்று அத்தை கேட்டாள்.

"சும்மா. நல்லாயிருக்கு கேக்க. இத்தன வருசத்துல ஒரு பய நமக்குத் தட்டலயே" என்றார் மாமா. அத்தை அதற்குமேல் அவரை எழுப்பவில்லை.

குடத்தில் பிடித்தால் கைத்தட்டல் நிறையும் என்பதைப் பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். நிறைந்த குடம் தண்ணீர்க் குடம் அளவுக்கே கனத்தது, தட்டைப் போட்டு மூடினால் அடங்கி உள்ளே கிடந்தது, திறந்தால் காலியாகும்வரை இரைந்தது. எதற்குப் பிடித்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். எங்கள் ஊரில் வெறுங்குடத்தை வீட்டில் வைக்க மாட்டார்கள், வெறுங்குடத்தோடு தெருவில் நடந்தால் எதிரே வருகிறவன் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போவான். வரிசையில் நின்ற பெண் எதையாவது நிரப்பிக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும். கிடைத்ததை நிரப்பிக்கொண்டு போனார்கள்.

அப்படிப் பிடித்து வைத்த கைத்தட்டல் சில நாட்களில் புளித்தது. நீராகாரம் புளிப்பது போலத்தான், கெட்டுப்போனது என்று சொல்ல முடியாது, வேறாக மாறியது. பக்கத்தில் யார் என்ன பேசினார்களோ அது அந்தச் சத்தத்துக்குள் ஊறி ஏறிக்கொண்டது. சங்கரேஸ்வரி அத்தை அடுப்படியில் வைத்திருந்த குடத்தை ஒரு மத்தியானம் திறந்தபோது, ஆயிரம் பேர் ஒரே குரலாக "குழம்புல உப்பு இருக்கா இல்லயா? நாக்கு என்ன செத்தா போச்சு ஒனக்கு?" என்று கத்தினார்கள். அது அவள் புருஷன் தினமும் கேட்கிற கேள்வி. தெருவே கேட்டது. அதன் பிறகு அந்த மனுஷன் குழம்பைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. மற்ற வீடுகளில் குடங்களை மாட்டுக்கொட்டத்துக்கும் கொல்லைக்கும் தள்ளி வைத்தார்கள், குடம் இருக்கிற பக்கம் போகும்போது குரலைத் தாழ்த்தினார்கள்.

சேர்மன் தனுஷ்கோடி ஒருநாள் எங்கள் தெருவுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயைத் தன் கையாலேயே திறந்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "தாயி, நான் வாலிபால் ஆடுனவன். கருவேல முள்ளுக்குள்ள வெறுங்காலோட ஆடி ஜில்லாவுலயே ஜெயிச்சு வந்தோம். பஸ் ஸ்டாண்டுல வந்து எறங்குறோம், ஒரு நாய்கூடத் திரும்பிப் பாக்கல. ஒருத்தன் கை தட்டல" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "இப்பப் பாரு. ஊரு என்ன நெனைக்குதுன்னு குழாயே சொல்லுது."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்கிறவரை எதிர்த்துப் பேசுவதற்கு எப்படியாவது ஒரு வழி இருக்கும். இவர் உண்மையாகவே கேட்டார், உண்மையாகவே நம்பினார். டீக்கடையில் யாராவது "ஸ்டேடியம் இப்ப எதுக்குப்பா, மொதல்ல தண்ணியக் குடுங்க" என்று சொன்னால், அந்த நேரம் பார்த்து எங்கேயாவது ஒரு குழாய் திறந்து ஆரவாரம் எழும், சொன்னவன் தனியாளாகிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவான்.

இந்தச் சமயத்தில்தான் அக்கா செல்வராணி பிரசவத்துக்கு வந்தாள். அவள் கட்டிப்போன ஊரில் கிணறு இருக்கிறது, கையை விட்டு மோந்துகொள்ளும் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. "இங்கயே இருக்கட்டுமே சம்மந்தி" என்று அத்தானின் அம்மா எவ்வளவோ சொன்னாள். "தலைப்பிரசவம் தாய் வீட்டுல பாக்கலைன்னா நாலு பேரு என்ன சொல்வாங்க?" என்று அம்மா ஒரே பிடியாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தண்ணீர் இருக்கிற ஊரிலிருந்து பிள்ளைத்தாய்ச்சியை வண்டி ஏற்றித் தண்ணீர் இல்லாத ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். அன்றைக்கு எங்களுக்கு அது தவறாகவே படவில்லை.

பிரசவ ஆஸ்பத்திரி நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் அக்காவைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. வலி எடுத்ததும் வாங்க. பாய், பழைய துணி, ரெண்டு குடம் நல்ல தண்ணி. வெறுங்கையோட வந்துறாதீங்க, எங்கிட்ட கைகழுவக்கூட இல்ல" என்றாள். ஆஸ்பத்திரிக் குழாயிலும் கைத்தட்டல்தான். பிள்ளை பிறக்கும்போது அதைத் திறந்துவைக்கச் சொல்லிச் சில புருஷன்மார்கள் கேட்கிறார்களாம். எஸ்தர் சிஸ்டர் அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

தண்ணீர் வண்டிக்காரனிடம் சண்டை போட்டு இரண்டு குடம் வாங்கி வைத்தோம். அதை யாரும் தொடக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள். குடிக்க, சமைக்க வேறு ஒரு தவலையில் கொஞ்சம், அதிலும் மட்டத்தைப் பார்த்துப் பார்த்துத்தான்.

அந்த வாரம் எங்கள் வார்டில் சபைக் கூட்டம் நடந்தது. யாருக்காவது கேள்வி உண்டா என்று சேர்மன் கேட்டார். நான் எழுந்தேன். மைக்கைக் கையில் வாங்கினேன். ஆஸ்பத்திரித் தொட்டி என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான் வைத்திருந்தேன். எல்லாத் தலைகளும் திரும்பின. தொண்டை அடைத்துக்கொண்டது. "மைக் வேலை செய்யுதான்னு பாத்தேன் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வெளியே ஒரு குழாய் கைதட்டியது.

"நல்ல தெளிவான குரல்" என்றார் சேர்மன். "அடிக்கல் நாட்டு விழாவுக்கு அமைச்சர் வர்றாரு. நீயே வரவேற்புரை சொல்லிரு தாயி. விழா முடிஞ்ச கையோட ஒன்னய நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிருவோம்."

அம்மாவிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த பசையைக்கூடத் துடைக்காமல் என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பசை காய்ந்து இழுப்பதை நான் சாயங்காலம்வரை உணர்ந்துகொண்டிருந்தேன்.

மத்தியான வேளைகளில், சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும்போது, அம்மா வேலையில் இருப்பாள், அக்கா உள்ளே படுத்திருப்பாள், நான் அடுப்படியில் நின்று பேசிப் பழகினேன். முதலில் வரவேற்புரையைப் பேசினேன். பிறகு, யாரும் இல்லை என்பதால், கூட்டத்தில் பேச முடியாமல் போனதைப் பேசினேன். தப்பாக வந்தால் திரும்பப் பேசினேன். நடுவில் அக்கா எழுந்து வந்து என்னவோ கேட்டாள், நான் என்னவோ பதில் சொன்னேன், பிறகு மீண்டும் பேசினேன். அம்மாவின் சீர் வரிசையில் வந்த பித்தளைக் குடம் அடுப்படி மூலையில் சாக்குக்கு அடியில் இருந்தது. அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும், விசேஷத்துக்குத்தான் எடுப்போம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் வெறுங்குடம் ஆகாது என்று அம்மா அதையும் கைத்தட்டலால் நிரப்பித் தட்டுப் போட்டு வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

அமைச்சரை நிறைகுடம் வைத்து வரவேற்க வேண்டும் என்று சேர்மன், வீட்டுக்கு ஒரு பெண்ணையாவது அனுப்பச் சொல்லியிருந்தார். குடத்துக்குத் தண்ணீர் நகராட்சி டேங்கரில் வரும் என்றார்கள். விழாவன்று காலையில் டேங்கர் வந்தது. ஆனால் மைதானத்தில் செம்மண் தூசி முழங்கால் உயரத்துக்குப் பறந்ததால், குடத்துக்கு ஒரு சொட்டும் இல்லை, எல்லாம் தரையில் தெளிக்கத்தான் என்று சொல்லிவிட்டார்கள். நல்ல காரியத்துக்கு வெறுங்குடத்தோடு எப்படிப் போவது? பெண்கள் வீட்டுக்குத் திரும்பி, இருக்கிற நிறைகுடத்தில் தட்டை எடுத்த கையோடு மாவிலை செருகி, மஞ்சள் பூசின தேங்காயால் வாயை அடைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர்கள் திட்டம் போட்டு வந்தார்கள் என்று பின்னால் பத்திரிகையில் எழுதினார்கள். நான் அங்கே இருந்தேன், அப்படி எதுவும் இல்லை. மரியாதைக் குறைவு ஆகிவிடக் கூடாது என்றுதான் அப்படிக் கொண்டுவந்தார்கள்.

அன்றைக்கு விடியும்போதே அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. இரண்டு குடத்தையும் ஆட்டோவில் ஏற்றினோம். நானும் ஏறப் போனேன். அம்மா என்னைத் தள்ளிவிட்டாள். "நீ வெளாவுக்குப் போ. போகலைன்னா உத்தியோகம் போயிரும். நம்ம வீட்டுக் கொடத்த எடுத்துட்டு வரச் சொல்லி சங்கரேஸ்வரிகிட்ட சொல்லிட்டேன்."

மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சேர்மன் வெள்ளை வேட்டியில் அங்கும் இங்கும் ஓடினார். மேடைக்குப் பின்னால் டேங்கர் டிரைவர் ஜெபமணி அண்ணன் பைப்பைப் பிடித்துக்கொண்டு தரையை நனைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தண்ணீரை நாங்கள் பார்த்து வெகு நாளாகிவிட்டதால் பந்தலில் இருந்தவர்கள் மேடையைப் பார்க்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் போன் அடித்தது. எஸ்தர் சிஸ்டர்.

"குருவம்மா, நீ முனிசிபாலிட்டிலதான இருக்க? சொல்றதக் கேளு. ஒங்கக்காவுக்கு இன்னும் பொறக்கல. அவளுக்கு முன்னால வந்த பொண்ணு ரத்தமா கெடந்துச்சு, நீங்க கொண்டாந்த தண்ணியத்தான் எடுத்து ஊத்திட்டேன். வேற வழி இல்லம்மா. இப்ப எங்கிட்ட ஒரு சொட்டு இல்ல. டேங்கர அனுப்பு."

நான் மேடைக்கு ஓடினேன். "சார், பிரசவ ஆஸ்பத்திரியில தண்ணி தீந்துருச்சு. டேங்கரக் கொஞ்சம்..."

"அமைச்சர் வண்டி பைபாஸ் திரும்பிருச்சு தாயி."

"எங்கக்கா உள்ள இருக்கா சார்."

சேர்மன் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அவர் கல்நெஞ்சர் இல்லை. "அவர் கல்ல நட்டுட்டுப் போகட்டும். போனதும் மொத வேல அதுதான். அரை மணி நேரம். பிரசவம்னா அரை மணி நேரம் முன்னப் பின்ன ஆகும்ல?" என்று சொல்லிக்கொண்டே கார் சத்தம் கேட்டு இறங்கிப் போனார்.

நான் மைக்குக்கு முன்னால் போய் நின்றேன். அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் வரவேற்புரையைத்தான் சொன்னேன். செவல்நத்தம் மக்களின் நெடுநாள் கனவு நனவாகிற இந்த நன்னாளில் என்று தொடங்கி, வருக வருக என்று முடிக்கும்வரை ஓர் இடத்திலும் என் தொண்டை அடைக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அமைச்சர் பெண்களின் வரிசையை நோக்கி வந்தார். அப்போதுதான் முதல் ஆளாக நின்ற சங்கரேஸ்வரி அத்தையின் இடுப்பில் எங்கள் பித்தளைக் குடத்தைப் பார்த்தேன். அது கனமாக இருந்தது. அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்ற விதத்திலேயே அது நிறைந்திருப்பது தெரிந்தது. அடுப்படி மூலை ஞாபகம் வந்தது, சாக்கு ஞாபகம் வந்தது, நான் பேசினதெல்லாம் ஞாபகம் வந்தது.

அமைச்சர் கும்பிட்டு, குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்ல கனமா இருக்கும் போலயே" என்றார்.

"நெறகொடம்லய்யா" என்றாள் அத்தை, பெருவிரலால் தேங்காயை அழுத்திப் பிடித்துக்கொண்டு.

அவர் நகர்ந்திருப்பார். ஆனால் போட்டோகிராபர், "ஐயா, தேங்காயக் கையில வாங்குற மாதிரி ஒண்ணு" என்றான். அமைச்சர் திரும்பிச் சிரித்துக்கொண்டே தேங்காயை எடுத்தார்.

முதலில் கைத்தட்டல்தான் வந்தது. சேர்மனின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு அது மாறியது. ஆயிரக்கணக்கான பேர் தொண்டையைச் செருமினார்கள். ஆயிரக்கணக்கான பேர், "எல்லாருக்கும் வணக்கம். இல்ல, வணக்கம் வேண்டாம், நேரா சொல்லிரு" என்றார்கள். பந்தலில் சிலர் சிரித்தார்கள்.

"ஐயா, ஸ்டேடியம் வேண்டாம்னு சொல்ல வரல" என்று குடம் மைதானம் அதிரச் சொன்னது. "எங்களுக்கும் வெளையாட்டுப் பிடிக்கும். ஆனா ஆஸ்பத்திரியில கை கழுவத் தண்ணி இல்லாத ஊருல, அந்தத் தொட்டிக் காச எடுத்து, ஒக்காந்து பாக்க எடம் கட்டுனா, அங்க ஒக்காந்து எதப் பாக்கச் சொல்றீங்க?" 

யாரும் சிரிக்கவில்லை. குடம் மூச்சு வாங்கியது. பிறகு, வேறொரு குரல் ஆயிரமாக எழுந்தது. அது அக்காவின் குரல்.

"குருவு, நாக்கு வறளுதுடி. ஒரு செம்புத் தண்ணி குடேன்."

அதற்கு என் குரல், மைதானத்தின் நான்கு மூலையிலும் மோதித் திரும்பியது: "அரை டம்ளர் போதுங்க்கா. மிச்சம் ஆஸ்பத்திரிக்கு வேணும்."

"சரிடி" என்றார்கள் ஆயிரக்கணக்கான பேர், மெதுவாக.

அவ்வளவுதான், குடம் காலியாகிவிட்டது. நனைந்த செம்மண் வாசனை மட்டும் இருந்தது. டேங்கர் பைப்பிலிருந்து தண்ணீர் தரையில் விழுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஜெபமணி அண்ணன் சட்டென்று வால்வை மூடினார்.

அமைச்சர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு, "யாரும்மா பேசுனது?" என்று கேட்டார். ஆயிரம் குரலாக வந்ததில் யாருக்கும் உடனே அடையாளம் தெரியவில்லை. சேர்மனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் மேடையேறி வந்து என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். அவர் கோபமாக இல்லை, கெஞ்சுகிறவர் போல இருந்தார். "தாயி, சும்மா இரு. கொடம் என்னமோ ஒளறிருச்சுன்னு முடிச்சிருவோம். ஒனக்கும் ஒண்ணும் ஆகாது."

மைக் என் கையில்தான் இருந்தது. வேலை செய்துகொண்டிருந்தது.

"நான்தான் பேசுனேன்" என்றேன். அது ஒரே ஒரு குரலாக இருந்தது, அந்த ஆரவாரத்துக்குப் பிறகு மிகவும் சின்னதாகக் கேட்டது. "குருவம்மா. தீப்பெட்டி ஆபீஸ் மாரியம்மா மக. எங்கக்கா இப்ப ஆஸ்பத்திரியில இருக்கா. ஜெபமணி அண்ணே, வண்டிய எடுங்க."

ஜெபமணி அண்ணன் சேர்மனைப் பார்த்தார். சேர்மன் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் தேங்காயைப் பார்த்தார்.

அப்போது சங்கரேஸ்வரி அத்தைக்குப் பக்கத்தில் நின்ற பெண் தன் தேங்காயைத் தானே எடுத்தாள். "பள்ளிக்கூடத்துல கக்கூஸ் இல்ல, பெரியபிள்ள ஆனதும் நின்னுக்கிட்டா" என்றது குடம். அதற்கு அடுத்தவள் எடுத்தாள். "லைட்டு இல்லாத தெருவுல எப்படிம்மா வருவ, நான் வந்து கூட்டிட்டு வாரேன் இரு." அடுத்தவள். அடுத்தவள். "காய்ச்சக் காசில்ல, அப்படியே குடி." "தண்ணி வந்துச்சா?" "வரல." "வந்துச்சா?" "வரல." ஒரு குடம் மட்டும் "மாமியா செத்தா மொட்ட போடுறேன் முருகா" என்று கத்திவிட்டது, அந்த மாமியார் அடுத்த குடத்தோடு பக்கத்திலேயே நின்றாள். ஆனால் அவளும் மருமகளைத் திரும்பிப் பார்க்காமல் தன் தேங்காயை எடுத்தாள். எல்லாக் குடமும் ஒன்றாகச் சேர்ந்து இரைந்தபோது பந்தல் துணி உப்பிப் புடைத்தது. அந்த இரைச்சலுக்குள் சேர்மனின் வாய் அசைந்ததைப் பார்த்தேன். அவர் போ என்றாரா, போகாதே என்றாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஜெபமணி அண்ணன் போ என்று எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் ஏறினேன்.

"வேல போச்சு பாத்துக்க" என்றார் அவர், கியரை மாற்றிக்கொண்டே.

"ஒங்களுக்குமா அண்ணே?"

"எனக்கென்ன, டிரைவர் கெடைக்காது. ஒனக்குத்தான்."

ஆஸ்பத்திரி வாசலில் எஸ்தர் சிஸ்டர் இரண்டு கைகளையும் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்கைவரை ரத்தம் காய்ந்திருந்தது. பைப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போனோம். முதல் வாளித் தண்ணீரில் அவள் கை கழுவினாள், சோப்புப் போட்டு, விரல் விரலாக, அவசரமே இல்லாதவள் போல. பிறகு கதவைச் சாத்தினாள். அம்மா என்னைப் பார்த்து, "வெளா முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். கதவுக்குப் பின்னால் வெகுநேரம் ஒரு சத்தமும் வரவில்லை. செவல்நத்தத்தில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதன் பிறகு பிள்ளை அழுதது.

என்னை உள்ளே விட்டபோது அக்காவின் உதடு வெடித்திருந்தது. ஒரு செம்பு நிறைய மோந்துகொண்டு போய்க் கொடுத்தேன். அவள் வாங்காமல் செம்பின் விளிம்பையே பார்த்தாள்.

"முழுசும் எனக்கா?"

"முழுசும் ஒனக்குத்தாங்க்கா."

அவள் கீழே வைக்காமல் குடித்தாள்.

ஸ்டேடியத்தை ஒத்தி வைத்திருக்கிறார்கள். ரத்து செய்யவில்லை, ஒத்திதான் வைத்திருக்கிறார்கள், அதைக் கூட்டிச் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத் தொட்டி எழும்பியிருக்கிறது, எங்கள் தெருவில் புதுக் குழாய்க்குப் பள்ளம் தோண்டினார்கள். என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த பரீட்சை வரும்வரை அம்மாவோடு லேபிள் ஒட்டப் போகிறேன். "இப்ப ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்" என்று அம்மா சொன்னாள், சிரிக்கத்தான் பார்த்தாள். சேர்மனை ஒருநாள் விடிந்ததும் எங்கள் குழாயடியில் பார்த்தேன். குழாயைத் திறந்து காதைக் குனிந்து வைத்துக்கொண்டிருந்தார். விழாவன்றே கைத்தட்டல் நின்றுபோயிருந்தது. என்னைக் கண்டதும் குழாயை மூடிவிட்டு நடந்து போனார். வெறுங்காலோடு வந்திருந்தார்.

பிறகு ஒரு காலையில் குழாய் இருமியது, சீறியது. சங்கரேஸ்வரி அத்தை குடத்தைச் சாய்த்துப் பிடித்தாள். நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். துருப்பிடித்த நிறத்தில், நூல் மாதிரி, தண்ணீர் வந்தது. சாக்கில் உட்கார்ந்திருந்த மூக்கையா மாமா மட்டும் தாங்கமாட்டாமல் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டிவிட்டார்.

"யோவ், சும்மா இரும்" என்றாள் அத்தை, குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில். "கொடம் நெறயட்டும்."